டைட்டனின் உறைகுளிரில் சிக்கலான கரிம மூலக்கூறுகள் எப்படி உருவாகின்றன?

சனியின் நிலவான டைட்டனின் தரையில் சுமார் மைனஸ் 180 டிகிரி செல்சியஸ் குளிர். அங்கே வேதிவினை எப்படி நடக்கும் என்பது நல்ல கேள்வி. விடை தரையில் இல்லை, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அந்த வளிமண்டலம் பெரும்பாலும் நைட்ரஜன். கூடவே சில சதவீதம் மீத்தேன். சூரியனின் புற ஊதாக் கதிர்களும், சனியின் காந்தமண்டலத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான்களும் இவற்றை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளில் பல மின்னூட்டம் பெற்ற அயனிகள். அயனி அருகிலுள்ள மூலக்கூறைத் தானே இழுத்துக்கொள்வதால், இவ்வினைகளுக்கு வெப்பம் தேவைப்படுவதில்லை. என் பார்வையில் முழு மர்மத்தின் திறவுகோல் இதுதான். இப்படியே அசெட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு, பென்சீன் என மூலக்கூறுகள் பெருகுகின்றன. விடுபடும் ஹைட்ரஜன் மிக இலேசானது, விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. ஆகவே உடைந்த மீத்தேன் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம், அந்த உயரத்திலேயே ஹைட்ரஜன் அணுவைப்போல் சுமார் 10,000 மடங்கு நிறையுள்ள எதிர்மின் அயனிகளைக் கண்டது. அவ்வளவு பெரியவை அங்கே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை! அவை மேலும் திரண்டு, துகள்களாகி, மெல்லக் கீழிறங்குகின்றன. டைட்டனை மூடியிருக்கும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் அவைதான்.