சேவா நிதியைக் கல்லூரி வாசலில் கொட்டாதீர்கள்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்து, 2023 தொடக்கத்தில் நான்கு வருட ராணுவ வேலையான அக்னிவீரராகப் போனவன். நான்கு வருடம் முடிந்து வந்ததும் சேவா நிதி என்று மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தில் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தே ஆகவேண்டும் என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். "டிகிரி இல்லீன்னா பொண்ணு யாருங்க குடுப்பாங்க?" என்ற பேச்சு வேறு.

பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் வருடம் 30,000 சம்பளத்தில் மாதம் 9,000 பிடித்தம். நான்காம் வருடம் 40,000-ல் 12,000. அவன் போட்ட அளவுக்கு அரசும் போட்டு, வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம். இதற்குப் பிறகு பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. இதை நான்கு வருட ஃபீஸிலும் ஹாஸ்டலிலும் கரைத்துவிட்டு, இருபத்தாறு இருபத்தேழு வயதில் வெறுங்கையோடு வேலை தேடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டாவில் சீட் கிடைக்கும் என்கிறாராம் மாமா. நம் மாநில இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அந்த ஒதுக்கீடு முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு. நான்கு வருடத்தில் வெளியே வரும் அக்னிவீரருக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது.

போலீஸ், துணை ராணுவம் பற்றியெல்லாம் உங்கள் ஊரிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். அக்னிவீரர்களுக்காகவே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக மூன்று வருட டிகிரி ஒன்று இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகம் 2022 ஜூனில் அறிவித்தது. டிகிரிக்கு வேண்டிய கிரெடிட்டில், அதாவது படிப்புப் புள்ளிகளில், பாதி பட்டாளத்தில் அவன் பெற்ற பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். மொழி, பொருளாதாரம், வணிகம், கணிதம், விவசாயம், பொது நிர்வாகம் என்று தேர்ந்தெடுக்க நிறைய உண்டு. சுற்றுச்சூழலும் ஆங்கிலப் பேச்சுத்திறனும் கூடவே வரும். முதல் வருடப் பாடம் முடித்தால் சான்றிதழ், இரண்டு முடித்தால் டிப்ளமோ, மூன்றும் முடித்தால் டிகிரி. இடையில் நின்றாலும் படித்தது வீணாகாது.

தபால்வழிப் படிப்புதானே என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிகிரி, கல்லூரிக்குப் போய் வாங்கும் டிகிரிக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லியிருக்கிறது. பத்து, பன்னிரண்டு, அப்புறம் டிகிரி என்ற வரிசையும் உங்கள் மகனுக்குச் சரியாக இருக்கிறது. குரூப் 2 எழுத வேண்டுமென்றாலும் ஒரு டிகிரி போதும்.

இன்னொன்று. லீவில் வந்தபோது கிணற்று மோட்டாரைக் கழற்றி அவனே சரிசெய்தான் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்க அவனைப் பற்றி இருந்த வரி அது ஒன்றுதான். கம்ப்யூட்டர் படிக்க ஆசை என்று அவன் சொன்னதாக எங்கேயும் இல்லை. கோயம்புத்தூரில் பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப்செட் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் எத்தனை இருக்கின்றன! ஒரு வருடம் அங்கே வேலைக்குப் போகட்டும். காயில் கட்டவும் கணக்கு எழுதவும் பழகட்டும். சம்பளமும் வரும், சேவா நிதியும் பேங்கில் அப்படியே இருக்கும். பிறகு சொந்தமாகக் கடை வைப்பதா, மேலே படிப்பதா என்று அவனே முடிவு செய்யட்டும். அது அவன் உழைத்த காசு. அதற்குக் கணக்குப் போட மாமாவுக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

அடுத்த முறை அவன் போன் செய்யும்போது பெண் பார்க்கும் பேச்சை எடுக்காதீர்கள். இக்னோ படிப்பில் பதிவு செய்துவிட்டாயா என்று கேளுங்கள். இல்லையென்றால் யூனிட்டில் இருக்கும்போதே விசாரித்துப் பதியச் சொல்லுங்கள். வெளியே வரும் நாளில், பட்டாளத்தில் பெற்ற பயிற்சிக்குத் தரும் திறன் சான்றிதழைக் கையோடு வாங்கி, அதில் பெயரும் பிறந்த தேதியும் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொண்டு கிளம்பட்டும்.