பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சும் மஞ்சள் குஞ்சும் எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: தனிக் கூண்டில் பட்ஜி என்ற சின்னக் கிளி ஒரு ஜோடி, இரண்டும் பச்சை. ஐந்து குஞ்சுகளில் மூன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று சிவப்புக் கண்ணோடு கோடே இல்லாத மஞ்சள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. தனிக் கூண்டு என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நாலு ஜோடியை ஒன்றாக விட்டு முட்டையிட நாலு பானை கட்டியிருந்தால் அப்பன் யார் என்பதே தெரியாது, கணக்கு எங்கே போடுவது?

முதலில் நீலம். பட்ஜியின் இறகில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு நீலத்தைக் காட்டும். அதோடு மஞ்சள் நிறமி சேர்ந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சளைத் தயாரிக்கும் மரபணு பழுதானால் மிச்சம் நீலம்தான். அது எந்த மரபணு என்பதை 2017இல் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் பழுது. அப்பா கொடுத்தது, அம்மா கொடுத்தது, இரண்டும் பழுதாக இருந்தால்தான் நீலம் வெளியே வரும். ஆக உங்கள் ஜோடியில் இரண்டுமே நீலத்தை ஒளித்து வைத்திருக்கின்றன. வளர்ப்பவர்கள் ‘ஸ்ப்ளிட்’ என்பார்களே, அதுதான். ஒவ்வொரு குஞ்சும் நீலமாக நாலில் ஒரு வாய்ப்பு. அதற்காக நாலு முட்டைக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். என் வீட்டில் இதே மாதிரி ஜோடிக்கு முதல் தடவை ஆறும் பச்சை, அடுத்த தடவை ஐந்தில் மூன்று நீலம்.

மஞ்சள் வேறு கதை. அது லூட்டினோ, அதாவது கறுப்பு நிறமி உண்டாகாமல் மஞ்சள் மட்டும் மிஞ்சிய பறவை. அதுவும் பெண். பார்க்காமலே சொல்கிறேன். லூட்டினோ மரபணு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. நம்மில் ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். பறவைகளில் இது தலைகீழ், ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அதனால் பெண்ணால் லூட்டினோவை ஒளிக்க முடியாது, இருந்தால் அதுவே மஞ்சளாகிவிடும். உங்கள் அம்மாப் பறவை பச்சை, எனவே அதனிடம் லூட்டினோ இல்லை. அப்பா ஒளித்து வைத்திருந்து மகளுக்குக் கொடுத்திருக்கிறது.

இது தெரியாத காலத்தில் ஒருவர் என்னிடம் ‘லூட்டினோ ஸ்ப்ளிட் ஃபீமேல்’ என்று ஒரு பச்சையை முந்நூறு ரூபாய் கூட்டி விற்றார். மூன்று தடவை முட்டை வைத்தது, ஒரு மஞ்சள்கூட வரவில்லை. எப்படி வரும்? அப்படி ஒரு பெண் பறவை உலகத்திலேயே கிடையாது! அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் காசு போனது போனதுதான்.

அடுத்த முறை மூன்றாம் நாளே குஞ்சின் தலையைப் பாருங்கள். கண் திறந்திருக்காது; மற்றதற்குத் தோலுக்கு அடியில் கறுப்பு மணி மாதிரி தெரியும், லூட்டினோவுக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். அப்படி ஒரு குஞ்சு இறகு முளைத்ததும் வெள்ளையாக வந்தால் அல்பினோ: நீலமும் லூட்டினோவும் ஒன்றாகச் சேர்ந்தது. உங்கள் ஜோடிக்கு அது பதினாறில் ஒரு வாய்ப்பு.

லூட்டினோ ஆண் கிடைத்தால் பச்சைப் பெண்ணோடு போடுங்கள். மஞ்சள் எல்லாம் பெண், மற்றதெல்லாம் ஆண். லூட்டினோ ஆணுக்கு மற்ற ஆண்களைப் போல வளர்ந்த பிறகும் மூக்கு நீலமாகாது, அதனால் ஆணா பெண்ணா என்று மூக்கைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அப்புறம், அந்த மூன்று பச்சைக் குஞ்சுகளையும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் நீலத்துக்கு ஸ்ப்ளிட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. காலில் வளையம் போட்டு, வளர்ந்ததும் வெளியிலிருந்து வாங்கிய நீலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நீலக் குஞ்சு வந்தாலே விஷயம் முடிந்தது. வரிசையாகப் பத்தும் பச்சை என்றால், ஸ்ப்ளிட் பறவைக்கு அப்படி நடக்க ஆயிரத்தில் ஒன்றுதான் வாய்ப்பு. தாராளமாகச் சாதாரணப் பச்சை என்று எழுதிக்கொள்ளலாம்.