பில்லில் ஒரு சைபர் குறைந்தது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பழைய ஹெச்.எம்.டி. வாட்ச் சேர்ப்பவன். ஆன்லைனில் ஒரு தனிநபரிடம் 'பைலட்' ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். 'தாத்தாவுடையது, டயல் ஒரிஜினல், யாரும் கை வைக்காதது' என்று போட்டிருந்தார். வந்து 19 நாள் ஆகிறது. புதுப் பட்டை போட்டு ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். தெரிந்த ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, இது ரீடயல், அதாவது பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தது என்கிறார். விற்றவரிடம் கேட்டால், 'உள்ளது உள்ளபடி, நோ ரிட்டர்ன்' என்று முடித்துவிட்டார். பார்சல் பிரித்ததை மகன் வீடியோ எடுத்திருக்கிறான். பில் மட்டும் 1,450 என்று இருக்கிறது. வீட்டில் தெரிய வேண்டாமே என்று நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். பணம் திரும்பக் கிடைக்குமா? - பெயர் வேண்டாம்

பதில்: டயல் இருக்கட்டும். முதலில் அந்தப் பில்.

முகம் தெரியாத ஒருவரிடம் போய், மனைவியை ஏமாற்ற ஒரு காகிதம் கேட்டிருக்கிறீர்கள். அவரும் தயங்காமல் ஒரு சைபரை வெட்டிக் கொடுத்தார். அந்த நிமிஷமே அவருக்கு இரண்டு விஷயம் விளங்கியிருக்கும். இந்த ஆளுக்குப் பொய்ப் பில் தப்பாகத் தெரியவில்லை. இவர் புகாரும் கொடுக்க மாட்டார். கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். 'நோ ரிட்டர்ன்' என்று அவ்வளவு தைரியமாகச் சொல்ல அவருக்கு வேறென்ன வேண்டும்?

பையனையும் இதில் இழுத்துவிட்டீர்கள். 'அம்மாகிட்ட விலையைச் சொல்லாதே' என்று அவனிடம் சொல்லாமல் இது நடந்திருக்காது. தாத்தாவின் வாட்ச் என்று புளுகியவர் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறது, சரி. அந்தப் பையன் யார் மேல் கோபப்படுவான்? வாட்ச் சேர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவருக்கு ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வளர்க்கிற பைத்தியத்துக்கு என்னிடம் அனுதாபம் கிடையாது. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், 1,450 இல்லை, 14,500 என்று சொல்லிவிடுங்கள். பையனும் பக்கத்தில் இருக்கட்டும்.

இது வெறும் குடும்ப உபதேசம் என்று தள்ளிவிடாதீர்கள். நோட்டீஸ் போனால் விற்றவர் முதலில் நீட்டப்போவது அந்த 1,450 ரூபாய் பில்லைத்தான். அதனால் அதை நீங்களே முந்திக்கொண்டு எழுத வேண்டும்: 'என் வேண்டுகோளின்பேரில் பில்லில் 1,450 என்று குறிக்கப்பட்டது, செலுத்திய தொகை 14,500.' கூடவே யு.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண், பாங்க் ஸ்டேட்மெண்ட், விலை பேசிய சாட். வீட்டில் ஒளித்துக்கொண்டு இந்த வரியை எழுத முடியாது.

இனி வாட்ச். ஹெச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு உங்கள் ஊரில்தான் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-ல் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகு பழைய மாடல்களுக்குக் கிராக்கி ஏறியது; மங்கிய டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கும் கைவேலையும் கூடவே பெருத்தது. சேகரிப்பவர்கள் வாயில் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (வாட்ச்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ்) பாருங்கள். ஃபேக்டரி அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும்; ரீடயலில் மை கசிந்து ஓரம் தடித்திருக்கும். நிமிடக் கோடுகளும் மணிக் குறிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. விளக்கை அணைத்து, டார்ச் அடித்து நிறுத்திப் பாருங்கள். தாத்தா காலத்து லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு) மஞ்சளோடிச் செத்திருக்க வேண்டும். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது அண்மையில் பூசியது. முள்ளில் ஒரு நிறம், டயலில் ஒரு நிறம் என்றாலும் அதே கதைதான்.

இதையெல்லாம் பகல் வெளிச்சத்தில், சாய்வாக, நெருக்கத்தில் படம் எடுங்கள். ரிப்பேர்காரரிடம் கடையின் லெட்டர்ஹெட்டில் தேதி போட்டு, பின்மூடி எண்ணையும் குறித்து எழுதி வாங்குங்கள். டயலைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் 'டயலை நீங்கள்தான் மாற்றினீர்கள்' என்பார் விற்றவர். இந்தத் தகராறுகளில் விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வதே அதுதான். அந்தப் பேச்சுக்கு உங்கள் பதில், பையன் எடுத்த வீடியோதான். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். விளம்பரத்தையும் அவருடைய புரொஃபைலையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது.

கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றுங்கள்! பட்டை மாற்றி ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர், பொருளை ஏற்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? சரக்கு விற்பனைச் சட்டம், 1930 தனிநபர் விற்பனைக்கும் பொருந்தும். பிரிவு 15-ன்படி, வர்ணித்து விற்ற பொருள் வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். 'டயல் ஒரிஜினல்' என்று எழுதிய பிறகு 'உள்ளது உள்ளபடி' என்பது அந்தப் பொய்யைக் கழுவிவிடாது. ஆனால் நிராகரிக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றதாகிவிடும் என்கிறது பிரிவு 42. இத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்கில்லை. 19-ஐ 20 ஆக்காதீர்கள். பழைய பட்டை இருந்தால் அதையே மாட்டி வையுங்கள்.

இன்றே விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: வர்ணனைக்கு மாறானது என்பதால் நிராகரிக்கிறேன், 7 நாளில் பணத்தைத் திருப்பினால் வாட்ச்சை அனுப்புகிறேன். வசவு வேண்டாம். பதில் வராவிட்டால் அதையே வக்கீல் நோட்டீசாக ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

நுகர்வோர் ஆணையம் உண்டே என்பீர்கள். எப்போதோ ஒரு பொருள் விற்கிற தனிநபர் மேல் அங்கே போவது கஷ்டம். தொழிலாக விற்கிறவர் என்றால் நிலைமை வேறு. ஆகவே அவருடைய மற்ற விளம்பரங்களைத் தோண்டுங்கள். அந்த விளம்பரங்களில் தாத்தா நான்கு வாட்ச் விட்டுச்சென்றிருந்தால், விற்றவர் வியாபாரி என்று வாதிடலாம். அப்போது பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 ஆண்டு அவகாசம். ஏமாற்றும் எண்ணம் முதலிலிருந்தே இருந்தது என்று காட்டவும் அந்த நான்கு விளம்பரங்களே உதவும். ஆன்லைன் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணிலும் சைபர் குற்றத் தளத்திலும் புகார் செய்யும்போது அவற்றையும் சேருங்கள். இல்லாவிட்டால் 'இது சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். பாங்க் உதவாது, நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தை அது தானாகத் திருப்பாது.

பாதிப் பணம் தருகிறேன், வாட்ச்சை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்றவர் சொன்னால், வேண்டாம் என்று உடனே சொல்லாதீர்கள். வழக்குச் செலவைக் கணக்குப் போட்டு, மனைவியிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். முழுப் பணம் வந்தால் வாட்ச்சைத் திருப்பி அனுப்பும்போது பெட்டியை எடைபோட்டு, ஒட்டுவது வரை வீடியோ எடுத்து, இன்ஷூர் செய்து அனுப்புங்கள். மதிப்பு என்ன என்று கவுண்டரில் கேட்பார்கள். 14,500 என்று எழுதுங்கள்.