ஆடுகளம் மூடிக் கிடந்த மாதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊரடங்கு தங்கள் உடலை என்ன செய்தது என்று கேட்டு இன்னமும் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் குழு விளையாட்டுக்காரர்களுடையவை. இம்முறை அவற்றுக்கே இடம்.

2020 ஊரடங்கில் தினமும் 200 தண்டால், 300 பஸ்கி எடுத்தேன். ஆனாலும் களம் இறங்கிய முதல் வாரமே பின்தொடைத் தசை கிழிந்தது. இன்றும் அடிக்கடி பிடிக்கிறது. எங்கே தவறினேன்? (கபடி வீரர், பல்லடம்)

உங்கள் உழைப்பில் குறையில்லை. தண்டால் மார்புக்கும் தோளுக்கும், பஸ்கி முன்தொடைக்கும் வேலை கொடுத்தன. எதிராளியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி நடுக்கோட்டுக்குப் பாய்கிறீர்களே, அப்போது இழுவையைத் தாங்குவது பின்தொடை. வீட்டு வாசலில் அந்த வேலை அதற்குக் கிடைக்கவே இல்லை. அந்த நாள்களில் என்னிடம் வந்த கபடிக்காரர்களுக்கு உள்ளங்கால் தோல்கூட மெலிந்திருந்தது. வெறுங்காலோடு மண்ணில் ஆடிய முதல் மாலையே பெருவிரலுக்குக் கீழே கொப்பளம். தோலுக்கே அந்தக் கதி என்றால் தசையைக் கேட்க வேண்டுமா?

முதலில் இயன்முறை மருத்துவரிடம் பழைய கிழிசலைக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், பாயில் மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாயுங்கள். 5 முறை வீதம் 2 சுற்று, வாரம் இரண்டு நாள். இந்தப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட கால்பந்து அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பயிற்சியை விட்டால் எத்தனை நாளில் மூச்சு குறையும்? (உடுமலை)

சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். நன்கு பழகிய உடலில்கூட 4 வாரத்துக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 4 முதல் 14 சதவீதம் வரை இறங்கலாம். வலு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதை நம்பி இறங்குகிறவர்தான் மூன்றாவது செட்டில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

என் மகள் கூடைப்பந்து ஆடினாள். ஊரடங்குக்குப் பிறகு திரும்பவே இல்லை. நான் வற்புறுத்தியிருக்க வேண்டுமா? (தாய், கோவை)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2021 ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களில் கட்டுப்பாடுகள் கூடுதலாகவே நீடித்தன. பையன்கள் தோட்டத்திலோ காலிமனையிலோ ஒரு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பல பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானம்தான் ஒரே வெளி. அது பூட்டப்பட்டதும் ஆட்டமும் தோழிகளும் ஒன்றாகப் போய்விட்டன. தோழிகள் இல்லாத இடத்துக்கு வற்புறுத்தி அனுப்பியிருந்தாலும் அவள் நிலைத்திருக்க மாட்டாள். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. பழைய அணியில் இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பந்து போடச் சொல்லுங்கள். போட்டி, பதக்கம் என்று எதையும் பேச வேண்டாம்.

கொரோனா வந்து போன பிறகு, ஓடும்போது நெஞ்சு படபடக்கிறது. ஆடலாமா? (நாமக்கல்)

கூடாது. முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வருவதுண்டு.

தேர்வு விடுமுறைக்குப் பின் பிள்ளைகள் திரும்புகிறார்கள். எப்படித் தொடங்குவது? (பயிற்சியாளர், ஈரோடு)

இந்தக் கேள்வியை எல்லாப் பயிற்சியாளரும் கேட்க வேண்டும். 2011-ல் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்; நம் கால்பந்து அல்ல) லீக்கான என்.எஃப்.எல்.-இல் தொழில் தகராறால் நான்கு மாதத்துக்கு மேல் பயிற்சிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. முகாம் தொடங்கிய 12 நாளில் 10 வீரர்களுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. 2020 மே மாதம் நம் கால்பந்து திரும்பியபோது ஓர் ஆட்டத்தில் 5 மாற்று வீரர்களை அனுமதித்ததும், ஆட்டங்கள் நெருக்கமாக வந்து வீரர்கள் காயப்படுவார்கள் என்ற அச்சத்தால்தான்.

முதல் வாரம் வழக்கமான பயிற்சியில் பாதி போதும். இரண்டாம் வாரம் 70 சதவீதம், அடுத்து 80, பிறகு 90. முழு வேக ஓட்டத்தை முதல் நாளிலேயே வைக்காதீர்கள். அடுத்த வாரமே போட்டி என்று யாராவது அழைத்தால், அணி தயாரில்லை என்று சொல்லிவிடுங்கள்.