50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: பெரியவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 30 வயதுக்கு மேல் வேக நீச்சலில் இறங்கியவர்கள் எழுதியவை. ஒரு வேண்டுகோள். எழுதும்போது வயது, குளத்தின் நீளம், டைவ் அடித்து எடுத்த நேரமா சுவரைத் தள்ளி எடுத்த நேரமா, வாரத்தில் எத்தனை நாள் நீந்துகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘என் டைமிங் 36, எப்படிக் குறைப்பது?’ என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. 25 மீட்டர் குளத்தில் டைவ் அடித்து வந்த 36-க்கும், 50 மீட்டர் குளத்தில் சுவரைத் தள்ளி வந்த 36-க்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி வித்தியாசம் இருக்கிறது. இதைப் போன மாதமும் சொன்னேன்.

கேள்வி: எனக்கு 52 வயது. 45-இல்தான் நீச்சல் கற்றேன். இனிமேல் ஸ்பிரிண்ட் (குறுந்தூர வேக நீச்சல்) எல்லாம் சாத்தியமா? (வாசகி, சென்னை)

தாராளமாக. அமெரிக்க வீராங்கனை டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு 41 வயது. தங்கம் கைநழுவியது நூறில் ஒரு பங்கு விநாடியில். அமெரிக்க வீரர் அந்தோணி எர்வின் 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் தங்கம் வென்றது 35 வயதில். அவர்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்தே போட்டி நீச்சல் பழகியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் மோதப்போவது அவர்களோடு இல்லை. மாஸ்டர்ஸ் போட்டிகளில், அதாவது பெரியவர்களுக்கான போட்டிகளில், ஐந்தைந்து வயது இடைவெளியில் பிரிவுகள் உண்டு, உங்களுடையது 50-54. தாமதமாகக் கற்றவர்களிடம் திருத்த வேண்டியது நிறைய இருக்கும், அதனால் முதல் ஒரு வருடத்தில் நேரமும் நன்றாக இறங்கும். முழு வேகத்தில் நீந்தத் தொடங்குமுன் டாக்டரைப் பார்த்து பிரஷர், சர்க்கரை, ஈசிஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். 40 தாண்டிய எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கேள்வி: வயது 38. 25 மீட்டர் குளத்தில் வாரம் ஐந்து நாள், தினமும் 60 லேப் நிற்காமல் போடுகிறேன். மூச்சு வாங்குவதே இல்லை. ஆனாலும் 50 மீட்டர் நேரம் ஒரு வருடமாக 41 விநாடியிலேயே நிற்கிறது. கோச் 80 லேப் ஆக்கச் சொல்கிறார். (கோவை)

ஆக்காதீர்கள். 1500 மீட்டர் மெதுவாக நீந்துகிறவர் 2000 மீட்டர் மெதுவாக நீந்தினால் மெதுவாக நீந்துவதில்தான் தேர்ச்சி வரும். மாதாமாதம் இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது, உங்கள் மேல் அல்ல, நம் ஊர்க் குளங்களில் ஊறிப்போன இந்த லேப் கணக்கின் மேல்.

அது எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேர பேட்ச். ஒரு லேனுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே கோச். ‘இருபது லேப் போடு, அப்புறம் வா’ என்று சொல்வது கூட்டத்தைச் சமாளிக்க வசதி. அது கூட்டத்தை நடத்துகிற முறை. பயிற்சி முறை என்று நினைத்துவிட்டோம். சுவரோரம் இரண்டு நிமிடம் நின்றால் ‘ஏன் நிக்கிறே?’ என்று ஒரு குரல். வாட்ஸ்அப் குழுவில் இன்று 80, நேற்று 70 என்று பெருமை. விநாடிக் கணக்கை யாரும் போடுவதில்லை.

உடம்பு தினமும் எதைச் செய்கிறதோ அதில்தான் தேறும். நீண்ட தூரம் நீந்தும்போது உங்கள் கை நிமிடத்துக்கு 50 ஸ்ட்ரோக் சுற்றும் (ஒரு கை ஒரு முறை இழுப்பது ஒரு ஸ்ட்ரோக்). 50 மீட்டரை விரட்டி நீந்த உங்களுக்கு 85, 90 வேண்டும். உலகத்தரத்து ஆண்கள் 120-ஐ ஒட்டிச் சுற்றுகிறார்கள். ஒரு வருடமாக 50-இல் பழகிய தோளைப் போட்டியன்று மட்டும் 90-இல் சுற்றச் சொன்னால் கை தண்ணீரைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். இன்னொன்று: உச்ச வேகத்துக்கான எரிபொருள் தசையில் சுமார் பத்து விநாடிக்குத்தான் இருக்கிறது. அது திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் அடுத்ததைத் தொடங்கினால் நீங்கள் பழகுவது களைப்பை, வேகத்தை அல்ல.

ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்எவாயைப் பாருங்கள். பல வருடம் பெரிய தூரங்கள் நீந்திப் பயிற்சி எடுத்தவர். இடையில் விலகி இருந்துவிட்டு, திரும்பி வந்தபோது நீந்தும் தூரத்தை வெகுவாகக் குறைத்தார். உடல் வலுவுக்கும் முழு வேக நீச்சலுக்கும் நேரத்தை மாற்றினார். 2023-இல் ஃபுகுவோகாவில் உலக சாம்பியன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 30 வயதில் 21.25 விநாடியில் தங்கம். அவருடைய அட்டவணையை நீங்கள் நகலெடுக்க முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் திசை அதுதான்.

உங்களுக்கு வாரம் மூன்று நாள் போதும். திங்கள்: 500 மீட்டர் வார்ம்-அப், பிறகு சுவரைத் தள்ளி 15 மீட்டர் முழு வேகம் எட்டு முறை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. அடுத்து 25 மீட்டர் நான்கு முறை, நடுவில் மூன்று நான்கு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுங்கள். முதல் 25-ஐ விட அரை விநாடிக்கு மேல் கூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், இன்னும் இரண்டு பாக்கி இருந்தாலும் சரி. புதன்: போட்டி வேகத்தில் 25 மீட்டர் நான்கு, நடுவில் இருபது விநாடி மட்டும், ஐந்து நிமிடம் நின்று மறுபடி ஒரு நான்கு. இது வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். சனி: நிதானமாக ஆயிரம் மீட்டர், ஸ்ட்ரோக் திருத்தம். மற்ற இரண்டு நாளில் புல்-அப், ஸ்குவாட், ரப்பர் பேண்டில் தோள் பயிற்சி. மூன்று மாதம் செய்துவிட்டு எழுதுங்கள். கோச்சிடம் இதைக் காட்டி, பேட்ச் முடிகிற கடைசிப் பதினைந்து நிமிடம் ஓர லேனைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

முழு வேகம் என்றால் முழு ஓய்வு. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: 50 மீட்டரையும் மூச்சு எடுக்காமல் முடிக்க வேண்டும் என்று அபார்ட்மெண்ட் குளத்தில் தனியாகப் பழகுகிறேன். பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனால் நன்றாகத் தாங்குகிறது. சரியான முறையா? (பெயர், ஊர் இல்லை)

உடனே நிறுத்துங்கள். வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. மூச்சு வாங்கச் சொல்லி உடம்பு தரும் எச்சரிக்கை அந்தக் கார்பன் டை ஆக்சைடால் வருவது. எச்சரிக்கை வராது, ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று நினைவு தப்பும். தண்ணீருக்குள் நினைவு தப்பினால் உயிர் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். கரையில் இருப்பவருக்கும் பயிற்சி செய்கிறார் என்றுதான் தோன்றும். தனியாக நீந்தவே வேண்டாம், மூச்சடக்கும் பந்தயமும் வேண்டாம். வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தாலும் தடுங்கள்.

உலகத்தரத்து ஆண்கள் ஒரு மூச்சோ அதுவும் இல்லாமலோ முடிக்கிறார்கள் என்றால், அவர்கள் 22 விநாடியில் சுவரைத் தொட்டுவிடுகிறார்கள். நீங்கள் 35, 40 விநாடி தண்ணீரில் இருப்பவர். நான்கு அல்லது ஆறு ஸ்ட்ரோக்குக்கு ஒரு மூச்சு எடுங்கள். டைவுக்குப் பிந்தைய முதல் இரண்டு ஸ்ட்ரோக், கடைசி ஐந்து மீட்டர், இந்த இரண்டு இடத்தில் மட்டும் தலையைத் திருப்பாதீர்கள். அது போதும்.

கேள்வி: 25 மீட்டர் குளம், சுவரைத் தள்ளி 42 விநாடி. முதல் 25 மீட்டர் 18, அடுத்தது 24. ஸ்ட்ரோக் எண்ணினேன்: 21, பிறகு 29. வயது 44, வாரம் நான்கு நாள். ஸ்டாமினா இல்லை என்கிறார்கள். (திருச்சி)

இப்படி எழுத வேண்டும். இவர் கொடுத்த நான்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. முதல் பாதியில் நிமிடத்துக்கு 70 ஸ்ட்ரோக், இரண்டாவது பாதியில் 72. கை மெதுவாகவில்லை. ஆனால் ஒரு ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 1.2 மீட்டர் போனவர், பிற்பாதியில் 90 சென்டிமீட்டர்கூடப் போகவில்லை. கை சுற்றுகிறது, தண்ணீர் பிடிபடவில்லை. களைப்பில் முழங்கை கீழே விழுகிறது. உள்ளங்கையும் முன்கையும் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதற்குப் பதில் கீழே அழுத்துகின்றன. கூடவே மூச்சுக்காகத் தலையைத் தூக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். யாரையாவது பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூச்செடுக்கும்போது இரண்டு கண்ணும் தண்ணீருக்கு மேல் வந்தால் என் ஊகம் சரி. ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பயிற்சி: 25 மீட்டர் ஆறு முறை, தொண்ணூறு சதவீத வேகத்தில், 23 ஸ்ட்ரோக்குக்குள். நடுவில் ஒன்றரை நிமிடம். 23-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஸ்ட்ரோக்கைக் காப்பாற்றுங்கள். வாரம் ஒரு நாள் போதும்.

கேள்வி: பலகை பிடித்து கிக் அடித்தால் நகரவே மாட்டேன் என்கிறது. ஓட்டப் பயிற்சி எடுப்பவன் நான், காலில் வலு இருக்கிறது. (மதுரை)

வலு இருக்கிறது, கணுக்கால் வளையவில்லை. ஓடுகிறவர்களுக்கு இது சகஜம். பாதம் பின்னால் நீளாமல் கொக்கி போல நின்றால் கிக் முன்னால் தள்ளுவதற்குப் பதில் பிடித்து இழுக்கும். தினமும் இரண்டு நிமிடம் மண்டியிட்டு, குதிகால் மேல் மெல்ல உட்காருங்கள்; முட்டி வலி இருந்தால் வேண்டாம். கிக் இடுப்பிலிருந்து வரட்டும், சின்னதாக, வேகமாக. பின்னால் தண்ணீர் உலை போலக் கொதிக்க வேண்டும், வாரி இறைக்கக் கூடாது. காலில் சின்ன ஃபின்ஸ் (ரப்பர் துடுப்பு) போட்டு 15 மீட்டர் விரட்டுவதும் உதவும்.

கேள்வி: கையில் மாட்டி நீந்தும் பிளாஸ்டிக் தட்டு, பேடில், பெரிய சைஸில் வாங்கினேன். மூன்று வாரமாகத் தோளின் முன்பக்கம் வலி.

கழற்றி வையுங்கள். வலி போகும்வரை வேக செட் வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். பெரியவர்களுக்கு உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பேடிலே அதிகபட்சம்.

கேள்வி: அபார்ட்மெண்ட் குளம் மூன்றரை அடி. டைவ் பழகலாமா?

கூடாது. தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு உடையும். ஸ்டார்டிங் பிளாக் (டைவ் அடிக்கும் மேடை) இருக்கும் இடத்தில் குறைந்தது 1.35 மீட்டர், அதாவது நாலரை அடி ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். சென்னை வேளச்சேரி போன்ற போட்டிக் குளத்துக்குப் போய், கோச் பக்கத்தில் இருக்கும்போது பழகுங்கள்.

கேள்வி: ஒரே மாதத்தில் 10 விநாடி குறைய என்ன சாப்பிட வேண்டும்?

வயது இல்லை, நேரம் இல்லை, குளம் இல்லை. சாப்பாட்டால் 10 விநாடி குறையாது.

கேள்வி: கிரியேட்டின் (உடற்பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் சப்ளிமெண்ட்) எடுக்கலாமா? (வயது 35)

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குறுகிய வேகத்துக்குக் கொஞ்சம் உதவும். எடை ஒரு கிலோ கூடினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது நீர்தான். வாரம் மூன்று நாள் ஒழுங்காகக் குளத்துக்குப் போகாதவர்கள் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

கேள்வி: மாஸ்டர்ஸ் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. கடைசி வாரத்தில் நன்றாக உழைத்துவிடவா? (சிங்கப்பூர்)

உழைப்பு முடிந்துவிட்டது. இன்றிலிருந்து தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். நாலைந்து டைவ், ஒவ்வொன்றுக்கும் 15 மீட்டர், நிறைய ஓய்வு. ஜிம்மில் கனமான எடை கடைசி வாரம் வேண்டாம். போட்டியன்று சாப்பாடு இரண்டரை மணி நேரம் முன்னால். குளத்துக்கு நேரத்தோடு போய் 500, 600 மீட்டர் நீந்துங்கள். ஸ்டார்ட்டில் அசைந்தால் தகுதி நீக்கம், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. டைவ் அடித்து 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். பெரியவர்கள் ஏழெட்டு மீட்டரிலேயே வந்துவிடுவது நல்லது. முடிவில் சறுக்கிக்கொண்டு போய்த் தொடாதீர்கள், கடைசி ஸ்ட்ரோக்கை நீட்டி விரல் நுனியால் சுவரை அடியுங்கள்.

கேள்வி: டைவ் அடித்தால் காகில்ஸ் (நீச்சல் கண்ணாடி) கழன்று கழுத்துக்கு வந்துவிடுகிறது.

தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே குதிக்கிறீர்கள். இரண்டு கையும் காதை ஒட்டி நீள, தாடை நெஞ்சுப்பக்கம் இருக்க, கைகள் நுழைந்த இடத்திலேயே தலையும் நுழையட்டும். காகில்ஸ் பட்டையின் மேல் தொப்பியைப் போடுங்கள்.