பத்திரம் யார் பெயரில்? இரந்துண்ணும் துறவிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: புனித பெனடிக்ட் வகுத்த விதிப்படி வாழும் பெனடிக்டைன் மடத்துத் துறவிக்கும் சொந்தமாக ஓர் எழுதுகோல்கூடக் கிடையாதே. இரந்துண்ணும் பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கிய அசிசி பிரான்சிஸ் புதிதாக என்ன செய்தார்?

பதில்: பழைய முறையில் துறவிக்குத்தான் சொத்தில்லை, மடத்துக்கு உண்டு. வயல், திராட்சைத் தோட்டம், மாவு ஆலை, குத்தகை வருமானம் என்று குளூனி போன்ற மடங்கள் பெரும் நிலக்கிழார்களாகவே இருந்தன. பிரான்சிஸ் சபைக்கே சொத்து வேண்டாம் என்றார். 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் உறுதிசெய்த ஒழுங்குவிதியின் 6ஆம் அதிகாரம், வீடு, இடம் என எதையும் சகோதரர்கள் தமதாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது.

இதோடு சேர்ந்தது இடப்பெயர்வு. பெனடிக்டைன் துறவி ஒரே மடத்தில் நிலைத்திருப்பதாக வார்த்தைப்பாடு கொடுப்பவர். இரந்துண்ணும் சபையினரோ மேலாளர் அனுப்பும் ஊருக்குப் போக வேண்டியவர்கள். தமிழில் இருவரையும் ‘துறவி’ என்றே சொல்வதால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இரந்துண்ணும் சபையினர் தங்களை லத்தீனில் ‘ஃபிராத்தெர்’, அதாவது சகோதரர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

கேள்வி: இது ஏன் 1200ஐ ஒட்டி எழுந்தது?

பதில்: நகரங்கள் பெருத்ததால். வட இத்தாலியிலும் தெற்குப் பிரான்சிலும் வணிகமும் ஜனமும் பெருகின. ஊருக்கு ஒரு கோயில், ஒரு குரு என்ற பங்கு அமைப்போ கிராமத்துக்கென வகுத்தது. மறையுரைப் பயிற்சி இல்லாத பங்குக் குருக்கள் பலர். ஏழையாக வாழ்ந்து போதிப்பவரை மக்கள் தேடிப் போனார்கள். லியோன் வணிகர் வால்டோ 1170களில் அப்படித்தான் கிளம்பினார். அனுமதியில்லாமல் போதித்ததற்காக அவரைச் சேர்ந்தவர்கள் 1184இல் தப்பறைக்காரர்களாக, அதாவது திருச்சபைப் போதனைக்கு மாறானவர்களாகக் கண்டிக்கப்பட்டார்கள்.

தெற்குப் பிரான்சின் லாங்கெடாக்கில், தப்பறைக் குழுவாகக் கருதப்பட்ட கத்தார்களை எதிர்க்கப் போன திருத்தந்தையின் தூதர்கள் குதிரையும் பரிவாரமுமாகப் போனார்கள். பேச்சு எடுபடவில்லை. 1206இல் ஒஸ்மா ஆயர் தியேகோ அவர்களிடம், பரிவாரத்தை அனுப்பிவிட்டுக் கால்நடையாகப் போங்கள் என்றார். உடனிருந்தவர் தோமினிக், நம் பழைய நூல்களில் வரும் சாமிநாதர். அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததே தோமினிக்கன் சபை. பிரான்சிஸுக்கு 1209-10இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் வாய்மொழி அனுமதி தந்தார். வால்டோவை வெளியே தள்ளிய திருச்சபை பிரான்சிஸைத் தாங்கிக்கொண்டதற்கு, அவருடைய கீழ்ப்படிதலே முதற்காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: 1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் புதிய சபைகளைத் தடுத்ததே, தோமினிக் எப்படித் தப்பினார்?

பதில்: 13ஆம் விதி தடுத்தது புதிய ஒழுங்குவிதியை. தோமினிக் ஏற்கெனவே இருந்த அகுஸ்தீன் விதியை எடுத்துக்கொண்டு, மேலே தம் சபைக்கான சட்டங்களைச் சேர்த்தார். 1216 டிசம்பர் 22 அன்று ஒப்புதல் கிடைத்தது.

கேள்வி: நடைமுறையில் எப்படிச் சாப்பிட்டார்கள்?

பதில்: பிரான்சிஸ்கன் விதிப்படி முதலில் வேலை, கூலி பொருளாக மட்டும். போதாவிட்டால் பிச்சை. காசை நேராகவும் வாங்கக் கூடாது, இன்னொருவர் கைவழியாகவும் கூடாது. நோயாளிக்கும் உடைக்கும் மட்டும் ‘ஆன்மிக நண்பர்கள்’ மூலம் மேலாளர் ஏற்பாடு செய்யலாம். தேவையோ நோயோ இல்லாமல் குதிரை ஏறக் கூடாது. சபை வளர்ந்ததும் சிக்கல்: ஒரே ஊரில் இரண்டு மூன்று மடங்கள் இரந்தால் யாருக்கும் போதாது. அதனால் மடத்துக்கு மடம் எல்லை வகுத்தார்கள். எல்லைத் தகராறும் கூடவே வந்தது.

கேள்வி: கோயில், மடம், நூல்கள் எல்லாம் இருந்தனவே. பத்திரம் யார் பெயரில்?

பதில்: எல்லாச் சண்டைக்கும் மூலம் இந்தக் கேள்விதான். தோமினிக்கன்கள் 1220இல் பொலோஞாப் பேரவையில் வருமானம் தரும் சொத்தை விட்டார்கள். குடியிருக்கும் மடமும் கோயிலும் தங்களுடையவை என்பதை மறுக்கவில்லை. அதனால் தப்பினார்கள். பிரான்சிஸ்கன்களுக்கு உடைமையே கூடாது. 1230இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, அனுபவிக்கலாம், உரிமை கிடையாது என்று பிரித்தார். 1245இல் நான்காம் இன்னொசென்ட், கொடுத்தவர் உரிமையை வைத்துக்கொள்ளாத சொத்தெல்லாம் திருப்பீடத்துடையது, அதாவது திருத்தந்தை ஆட்சியுடையது என்றார். 1279இல் மூன்றாம் நிக்கோலாஸ் இதை உறுதிப்படுத்தினார்.

பின்வந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் சட்டம் படித்தவர். 1322இல் அவர் கேட்டது: வீட்டை உரிமையின்றி அனுபவிக்கலாம், தின்று தீர்க்கும் அப்பத்தை எப்படி? அதில் அனுபவமும் உரிமையும் பிரியாதே. சொல்லிவிட்டுச் சொத்துரிமையைச் சபையிடமே திருப்பினார். 1323 நவம்பரில், கிறிஸ்துவுக்கும் அப்போஸ்தலர்களுக்கும் தனியாகவோ பொதுவாகவோ எதுவும் சொந்தமில்லை என்று அடம்பிடிப்பது தப்பறை என்றார். இதை எதிர்த்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் செசேனா மிக்கேலும் அச்சபைச் சிந்தனையாளர் ஒக்காம் வில்லியமும் 1328இல், திருத்தந்தை அப்போது இருந்த அவிஞ்ஞோனைவிட்டுத் தப்பி, பேரரசர் லூட்விக்கிடம் அடைக்கலம் போனார்கள்.

கேள்வி: பங்குக் குருக்களுக்கு இவர்கள்மேல் என்ன கோபம்?

பதில்: மறையுரை, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பது, அடக்கம் மூன்றும் பங்குக் குருவின் வேலை, காணிக்கையும் அவற்றோடு வரும். மக்கள் சகோதரர்களின் கோயிலில் அடக்கம் கேட்டால் வருமானம் போகிறது. 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் ஒரு வழி சொன்னார்: பங்குக் கோயிலில் போதிக்கக் குருவின் சம்மதம் வேண்டும், பாவசங்கீர்த்தனம் கேட்பவர்களுக்கு ஆயரின் அனுமதி வேண்டும், அடக்கக் காணிக்கையில் நாலில் ஒரு பங்கு பங்குக் குருவுக்கு. 1304இல் அடுத்த திருத்தந்தை ரத்துசெய்தார், 1311-12இல் பிரான்சின் வியன் நகரில் கூடிய பொதுச்சங்கம் மீட்டது. நியாயமான ஏற்பாடு, ஆனால் சச்சரவு நிற்கவில்லை.

கேள்வி: மொத்தம் எத்தனை சபைகள்?

பதில்: 1274இல் இரண்டாம் லியோன் சங்கம் 1215க்குப் பின் ஒப்புதலின்றி முளைத்தவற்றை ஒழித்தது, ஒப்புதல் பெற்றிருந்தும் சொத்தில்லாத சிறு சபைகள் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்றது. பிரான்சிஸ்கன், தோமினிக்கன் இரண்டோடு கார்மேல் சபையும் அகுஸ்தீன் சபையும் நிலைத்தன.

கேள்வி: நம் பக்கம் யாரும் வந்தார்களா?

பதில்: வந்தார்கள். சீனாவுக்குப் போகும் வழியில் பிரான்சிஸ்கன் மொந்தேகொர்வினோ யோவான், தோமையார் கோயில் இருந்த நாட்டில் 13 மாதம் தங்கியதாக 1305இல் எழுதிய மடலில் சொல்கிறார். மயிலாப்பூரைத்தான் சொல்கிறார் என்று கொள்வார்கள். கூட வந்த தோமினிக்கன் பிஸ்தோயா நிக்கோலாஸ் இறந்து, அந்தக் கோயிலிலேயே அடக்கமானார்.

கேள்வி: பெண்களுக்கு இந்த வாழ்க்கை கிடைத்ததா?

பதில்: பாதிதான். 1212 வாக்கில் பிரான்சிஸோடு சேர்ந்த கிளாரா, அசிசியின் சான் தமியானோவில், வெளியே போகாத அடைப்பு மடத்துக்குள்ளேயே வாழ்ந்தார். மடத்துக்காக வெளியே போய் இரந்தவர்கள் சகோதரர்கள். ஒன்பதாம் கிரகோரி அந்த மடத்துப் பெண்களுக்குச் சொத்து கொடுக்க முன்வந்தார். கிளாரா மறுத்தார். சொத்தின்மையை எழுத்தில் வைத்த அவருடைய ஒழுங்குவிதிக்கு 1253 ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் வந்தது. ஆகஸ்ட் 11 அன்று அவர் இறந்தார்.