பட்டப்பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. கண்ணாடி போடுவதால் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடுகிறார்கள். திக்கிப் பேசும் ஒரு பையன், குண்டாக இருக்கும் ஒரு பெண், இவள் – மூவரும் ஒதுங்கி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்களாம். டீச்சரிடம் சொன்னால், “விளையாட்டுக்குத்தானே” என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருத்தாசலம்.

பதில்: மூன்று பேர் இருக்கிறார்கள் அம்மா, அதுவே பெரிய பலம். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது ‘என்ன?’ என்று திரும்பினால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். சிரித்து மழுப்பினாலும் அப்படித்தான். பார்க்கிற ஆசிரியருக்கு அது விளையாட்டாகவே தெரியும். “என் பேரைச் சொல்லிக் கூப்பிடு” – இந்த ஒரு வரி போதும். குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வீட்டில் நீங்கள் கேலி செய்பவராக நடித்து, தினம் நாலைந்து முறை சொல்லிப் பழக்குங்கள். திக்கும் பையனை அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், பதற்றத்தில் இன்னும் திக்கும். பக்கத்தில் இருப்பவர் அவன் பெயரைச் சொல்லி, “வா, போகலாம்” என்று அழைத்துப் போகட்டும். பதிலுக்கு இவர்களும் பட்டப்பெயர் வைத்தால் காரியம் கெட்டது. ‘ரெண்டு பக்கமும் தப்பு’ என்று விசாரணை முடிந்துவிடும்.

ஒரு 40 பக்க நோட்டில் இரண்டு வாரம் எழுதட்டும்: தேதி, எந்தப் பீரியட், எந்த இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் சொன்னது, யார் பார்த்தது. ‘எப்பவும் கிண்டல் பண்றாங்க’ என்ற புகாரைத் தட்டிக்கழிக்கலாம். ‘செவ்வாய், மூன்றாம் பீரியட், தண்ணீர்க் குழாய்ப் பக்கம்’ என்பதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பிறகு மூன்று வீட்டாரும் சேர்ந்து, வகுப்பு முடிந்தபின் ஆசிரியரைப் பாருங்கள். வகுப்பு நடுவே நிற்கவைத்து, “இவளை அப்படிக் கூப்பிடாதீங்க” என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; அந்தப் பெயரை அறியாதவருக்கும் அது தெரிந்துவிடும். கேலி செய்பவரைத் தனியே அழைத்துப் பேசுவதே சரி. ஆசிரியரே ‘கண்ணாடி’ என்று கூப்பிடுகிறாரா என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். வகுப்புக்கு அதுவே அனுமதிச் சீட்டு.

அசையவில்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசலாம். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. சாதியைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே எழுதிக் கொடுங்கள்.